கீழே கேட்கும் வண்டி

கொல்லிமலைச் சாலையில் நமக்குப் பின்னால் வருகிற வண்டி நம் காலடியில் வருகிறது. காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து மடிந்து ஏறுகின்றன. அதனால் சாலைக் கணக்கில் அரைக் கிலோமீட்டர் பின்தங்கிய நண்பன், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தால் இரண்டு பனை உயரத்துக்குக் கீழேதான் இருப்பான். எட்டிப் பார்த்தால் என்பது பேச்சுக்கு. நடுவில் இருக்கும் மரமும் புதரும் ஆளைக் காட்டாது. சத்தம் மட்டும் ஏறி வரும். எந்த வண்டி, எந்த கியர், திணறுகிறதா தெம்பாக வருகிறதா, எல்லாம் அந்தச் சத்தத்திலேயே இருக்கும்.

வாரக் கடைசியில் இரு சக்கர வண்டியில் மலைக்குப் போய் வந்தவர்களிடம் எது பிடித்தது என்று கேட்டால் காட்சிமுனையைச் சொல்வார்கள், குளிரைச் சொல்வார்கள், கைப்பேசியை எடுத்துப் படம் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் காது என்பேன். சமவெளியில் அறுபது, எழுபது என்று போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கிடையாது. பக்கத்தில் வரும் லாரியின் ஹாரன்கூட எங்கோ தூரத்தில் கேட்கும். வளைவுச் சாலையில் வேகம் பதினைந்து, இருபதுக்கு இறங்கிவிடுகிறது. காற்று அடங்குகிறது. ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டால் அத்தனை நேரமும் அடைத்துக் கிடந்த காது திறந்துகொள்கிறது. நெடுஞ்சாலையில் நாலு வண்டி சேர்ந்து போனாலும் ஒவ்வொருவனும் தனியாகத்தான் போகிறான். கூட்டமாகப் போகிறோம் என்பது மலையேறும்போதுதான் உறைக்கிறது.

எங்கள் ஐந்து பேருக்கு நான்கு வண்டி. கூப்பிடுகிற பெயரும் வண்டியை வைத்துத்தான். மூத்தவர் புல்லட் அண்ணன். பழைய வார்ப்பிரும்பு என்ஜின், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அடுத்தவன் ஆரெக்ஸ். அவன் அப்பா ஓட்டிய ஆர்.எக்ஸ். 100 அது. 1996-க்குப் பிறகு புதிதாக வராத வண்டி என்பதால், இன்றைக்கு ஒருவர் அதற்குக் கேட்ட விலையை எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஸ்பிளெண்டரில் இருவர்: ஓட்டுகிறவன் மாப்ள, பின்னால் சபரிமலைக்கு மாலை போட்டிருந்த சாமி. கார்த்திகை மாதக் கடைசி அது. நான் பல்சர்.

புல்லட்டின் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஓட்டம். விட்டத்தைவிட ஓட்டம் நீளம் என்பதால் அவசரம் அதற்கு ஒத்துவராது. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடிப்பு. மெதுவாக ஓடும்போது ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி காதில் தட்டுப்படும். டப்... டப்... என்று எழுதுகிறோமே, அதில் ருசி இருப்பது அந்தப் புள்ளிகளில். ஆரெக்ஸில் புள்ளிக்கு இடமில்லை. டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஆரெக்ஸில் அடி இரட்டிப்பு. அந்த நெருக்கம்தான் அதன் குரல். 98 சிசி வண்டி என்று யாரும் நம்பாதபடி கத்துவதற்கும் அதுதான் காரணம். ஸ்பிளெண்டருக்குக் குரல் என்று தனியாக ஒன்றும் கிடையாது, அது அந்த வண்டியைச் செய்தவர்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம். மாப்ளையின் வண்டியை நாங்கள் அடையாளம் கண்டுகொள்வது, செயின் கவரில் அவன் வருஷக்கணக்காக முடுக்காமல் விட்டிருக்கும் ஒரு போல்ட்டால். முதல் கியரில் அது சலசலக்கும். இரண்டாவதில் வாயை மூடிக்கொள்ளும். என் வண்டியைப் பற்றி மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

விடியுமுன் கரூரை விட்டு, வேலூர்ப் பாலத்தில் காவிரியைத் தாண்டி (எங்கள் பக்கத்தில் வேலூர் என்றால் பரமத்தி வேலூர்தான்), நாமக்கல் வரைக்கும் நான்கு வழிச்சாலை. அதைச் சீக்கிரம் கடந்துவிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் இன்னும் திறக்கவில்லை. வெறும் சேஸிஸ்கள் வாசலில் நின்றன. சேந்தமங்கலம் போகும் வழியெல்லாம் காற்றில் கோழிப்பண்ணை. காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு டீ. அங்கிருந்து பார்த்தால் மலை முழு உயரத்துக்கும் தெரிகிறது, சாலை எந்த இடத்தில் ஏறுகிறது என்பது மட்டும் பிடிபடாது.

இனி வளைவு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். அதனால் ஏறுகிறவனுக்கு இடது பக்கம் திரும்பும் வளைவு உள்வட்டம். வலது பக்கம் திரும்புவது வெளிவட்டம். இரண்டு வட்டமும் ஏறும் உயரம் ஒன்றுதான். ஆனால் உள்வட்டக்காரன் அந்த உயரத்தைச் சில அடி தூரத்துக்குள் ஏறி முடிக்க வேண்டும். வெளிவட்டக்காரனுக்குச் சுற்றிக்கொண்டு போக இடம் இருக்கிறது. ஆகவே இடது வளைவு செங்குத்து, முதல் கியர். வலது வளைவு தாராளம், இரண்டாவது கியரே போதும். மலைச்சாலையில் வளைவுகள் பெரும்பாலும் இடமும் வலமுமாக மாறி மாறித்தான் வரும். எழுபதில் பாதி அப்படி, பாதி இப்படி. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று ஒரு தாளம் தானாக அமைந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியதும் கால் யோசிப்பதை நிறுத்திவிடும்.

இடது வளைவொன்றைப் புல்லட் அண்ணன் எடுப்பதைப் பின்னாலிருந்து கேட்க வேண்டும். வளைவுக்கு இருபதடி முன்னால் ஆக்ஸிலேட்டரை விடுவார். பிரேக்கைத் தொடமாட்டார், ஏற்றமே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறபோது பிரேக் எதற்கு என்பது அவர் கட்சி. கிளட்ச். கியர் ஒன்று குறையும். கிளட்ச்சை விடுவதற்கு முந்தின அந்தக் கால் நொடியில் ஒரு சின்னத் திருகல். என்ஜின் ஒரே ஒரு முறை செருமும். குறைந்த கியருக்கு வேண்டிய சுற்றை முன்கூட்டியே கொடுத்துவிடுவதால் கிளட்ச் சேரும்போது செயின் வெட்டாது, பின்சக்கரம் உதறாது. பிறகு வெடிப்புகள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு நிதானமாகத் தரையை மிதித்து மேலேறும். அவர் தலை அந்த நேரத்தில் முன்சக்கரத்தைப் பார்க்காது. கழுத்தை நன்றாகத் திருப்பி, வளைவு முடிந்து சாலை எங்கே போகிறதோ அங்கே பார்க்கும். கண் போன இடத்துக்கு வண்டி போகும் என்று அவர் ஆரெக்ஸுக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் எல்லோருக்கும் ஓசியில் கிடைத்த பாடம்.

அந்தச் செருமலைச் சரியாகப் போடுகிறவர் எங்களில் அவர் ஒருவர்தான். மாப்ள அரை கிளட்ச்சிலேயே இழுத்துக்கொண்டு ஏறுவான். பின்னால் எழுபது கிலோ சாமி உட்கார்ந்திருக்கும்போது வேறு வழியும் இல்லை. ஆரெக்ஸ் நேர்மாறு. டூ ஸ்ட்ரோக்குக்குக் கீழ்ச்சுற்றில் வலு கிடையாது, சுற்று விழுந்துவிட்டால் முனகிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே அவன் அலறவிட்டபடியே வளைவுக்குள் நுழைவான், அலறவிட்டபடியே வெளியே வருவான். அது முரட்டுத்தனம் இல்லை. அந்த என்ஜினுக்கு மலையில் அதுதான் பணிவு.

வளைவின் முழங்கையில் இன்னொரு நுணுக்கம். மழை ஓய்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மேலே இருந்து சாலையோடு ஓடிவந்த தண்ணீர் உள்வட்டத்தில் தேங்கி, மெல்லிய சரளையைப் பரப்பிவிட்டுப் போயிருந்தது. பார்வைக்கு ஒன்றுமில்லை. டயர் ஏறியதும் ஒரு நறநறப்பு. அது கேட்ட கணத்தில் ஆக்ஸிலேட்டரைக் கூட்டவும் கூடாது, விடவும் கூடாது, அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். தார்ச்சாலை மறுபடி டயரைப் பற்றும்போது சத்தம் நின்று ஒரு வழவழப்பு வரும். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் இதையெல்லாம் கவனிப்பதில்லை. அவை பார்ப்பது டேங்க் கவரை.

மேலே பேருந்து வருகிறது என்பதும் காதுக்குத்தான் முதலில் தெரியும். அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் இந்தச் சாலையில் ஹாரனை வீணாக்குவதில்லை. வளைவுக்கு முன்னால் நீளமாக ஒன்று. அது இரண்டு வளைவு மேலே கேட்டால், நமக்கும் அதற்கும் சந்திப்பு அடுத்த வளைவிலா, நேர்ப்பகுதியிலா என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். வளைவிலே சந்தித்துவிடக் கூடாது. பேருந்துக்கு மொத்த அகலமும் வேண்டும். முன்சக்கரம் வெளி ஓரத்தைத் தொட்டுத் திரும்பும்போது பின்சக்கரம் உட்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். உட்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது என்று நுழைந்தவன் சுவருக்கும் பேருந்துக்கும் நடுவே மாட்டிக்கொள்வான். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியை ஒரு பேருந்துக்கு எதிரே நின்று வாதாடிய இரு சக்கர வண்டிக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. நேர்ப்பகுதியில் ஓரம் கட்டி நின்றோம். பேருந்து கடந்தபோது ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கினார். அதற்குப் புல்லட் அண்ணன் தலையை அசைத்தார். பேச்சு அவ்வளவுதான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, யாரும் எழுதி வைத்ததில்லை. முன்னால் போகிறவன் அஞ்சாறு வளைவுக்கு ஒருமுறை என்ஜினை அணைத்துவிட்டு நிற்பான். பின்னால் வருகிறவன் கண்ணில் படவேண்டும் என்பதில்லை. காதில் விழுந்தால் போதும், கிளம்பிவிடலாம். அப்படி நின்ற ஓர் இடத்தில், முப்பது வளைவுக்கு மேலே இருக்கும், குக்குறுவான் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கீழே சலசலப்பு கேட்டது, மாப்ள. ஆரெக்ஸ் கேட்கவில்லை. மாப்ளையும் சாமியும் வந்து நின்று என்ஜினை அணைத்தார்கள். அப்போதும் கேட்கவில்லை. நான்கு பேரும் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே இருந்த பச்சைக்குள் காதைக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் கழித்து, நேர் கீழே, ஒரு கிக் அடிக்கும் சத்தம். தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. இன்னொன்று. இன்னொன்று.

"பிளக் நனைஞ்சுருச்சு" என்றார் அண்ணன், முகத்தைத் திருப்பாமலே.

அப்படித்தான். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே ஊற்றிய அளவிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுந்தால் பிளக் கருக்கும். போதாக்குறைக்கு, பெட்ரோலோடு எண்ணெய் கலக்கும்போது ஆரெக்ஸின் கை எப்போதும் தாராளம். அப்பா வண்டிக்கு எண்ணெய் குறையக் கூடாது என்ற பாசம். மேலே நின்றபடியே நாங்கள் அவன் செய்வதையெல்லாம் கேட்டோம்: பிளக் கழற்றும் ஸ்பேனர் தவறிச் சாலையில் விழுந்து உருண்டது, உப்புத்தாளில் தேய்க்கும் இடைவெளி, மறுபடி கிக். பற்றிக்கொண்டபோது வந்த அந்தக் கத்தல் மலையில் பட்டுத் திரும்பியது. சாமி கைகூப்பி "சாமியே" என்றார்.

இப்போது ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பேசிக்கொள்ளும் கருவிகள் வந்துவிட்டன. இளைஞர்கள் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். பாதுகாப்புக்கு நல்லது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் நண்பன் "பிளக் போச்சுடா" என்று காதுக்குள் வந்து சொல்லிவிட்டால், மூன்று கிக்குக்கும் நடுவே இருந்த அந்த நேரம் நமக்குக் கிடைக்காது.

நாற்பதாவது வளைவு தாண்டிய பிறகு மூக்குக்கும் வேலை வந்தது. அடிவாரத்தின் காய்ந்த முட்புதர் வாசனை எங்கே நின்றது என்று சொல்ல முடியாது. ஈர மண்ணும் அழுகின இலையும் எப்போது தொடங்கின என்றும் தெரியாது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் இறங்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. வண்டியில் போகிறவனுக்கு அது சீராக இறங்குவதில்லை. சில வளைவுகள் வெயிலைப் பார்த்திருக்கும், அங்கே தார் சூட்டை வைத்திருக்கும். அடுத்த வளைவு மலையின் மடிப்புக்குள் போகும். அங்கே குளிர் முழங்காலில்தான் முதலில் படும், பிறகு விரல் கணுக்களில். மறுபடி சூடு. அறுபதை நெருங்கும்போது மேகம் சாலைக்கே வந்துவிட்டது. முன்னால் இருபதடிதான். அதுவரை கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த எண் பலகைகள் கிட்டே வந்தபிறகுதான் எழுத்துக் காட்டின. எல்லோரும் தானாகவே நெருங்கி ஓட்டினோம். மாப்ளையின் போல்ட், அண்ணனின் புள்ளிகள், பின்னால் ஆரெக்ஸின் எண்ணெய்ப் புகை. எங்கே யார் என்பதற்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

சோளக்காட்டில் இறங்கியதும் கிளட்ச் பிடித்த இடது கை விரல்களை விரிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அங்கே டீ கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டியது முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. மேலே பழுப்பு ரோமம் அடர்ந்து, பார்க்க அசல் ஆட்டுக்கால். ரோமத்தைச் சீவி எறிந்து, உள்ளே இருக்கும் பச்சைக் கிழங்கை நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு நசுக்கிக் கொதிக்க விடுகிறார்கள். முதல் வாயில் மிளகு மட்டும்தான் தெரியும். இந்த மலை மிளகு நாக்கின் நுனியைவிடத் தொண்டையின் பின்பக்கம்தான் அதிகம் பேசும். இரண்டாம் வாயில் எலும்பு வேகவைத்த சாறின் அந்தக் கொழகொழப்பு வருகிறது. எலும்பே இல்லாமல் அது எப்படி வந்தது என்று நாக்கு கொஞ்சம் திகைக்கிறது. மூட்டு வலிக்கு நல்லது என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். அது அவர்கள் வியாபாரம். மாலை போட்ட நாளிலிருந்து கவிச்சியை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்த சாமி, இது கிழங்குதான் என்று கடைக்காரம்மாவிடம் உறுதி செய்துகொண்டு மூன்று டம்ளர் குடித்தார்.

"போதுஞ் சாமி, ஐயப்பன் கோவிச்சுக்குவாரு" என்றான் ஆரெக்ஸ்.

"கெழங்குக்கு எதுக்குடா கோவிக்கிறாரு" என்றார் சாமி, நான்காவதற்குக் கை நீட்டியபடி.

மேலே போனபிறகு மலை மலையாகவே தெரியாது. சமமான ஊர்கள், பள்ளத்தில் நெல்வயல், வளப்பூர் நாடு, சேலூர் நாடு என்று நாட்டுப் பெயர் தாங்கிய பஞ்சாயத்துகள். சில்வர் ஓக் மரங்களின் உடம்பெல்லாம் மிளகுக்கொடி. பச்சைச் சரங்கள் கைக்கெட்டும் உயரத்தில். நிழலில் காப்பி, பழம் சிவந்திருந்தது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகள் பலவற்றில் இப்போது குச்சிக்கிழங்கு. கீழே ஜவ்வரிசி ஆலைகள் கையில் காசு தரும்போது சாமையை யார் குத்திக்கொண்டிருப்பது? சிறுதானியத்தை மீட்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலைக்காரர்களோடு பல ஆண்டு வேலை செய்திருக்கிறது. நகரத்துக் கடைகளில் சாமை அரிசிக்கு இன்றைக்கு இருக்கும் மவுசைப் பார்க்கும்போது, மலைக்காரர் அதை விட்டபிறகு நாம் பிடித்துக்கொண்டோம் என்று தோன்றும்.

செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமேல் இருக்கிறார். அவர் விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். 70 வளைவு ஏறி வந்தவனுக்கு, இந்த மலையில் நேராகப் போன ஒரே பொருள் அந்த அம்புதான் என்று படுகிறது.

ஆகாய கங்கைக்கும் போனோம். அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், கிட்டத்தட்ட 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. அருமையான அருவி. ஆனால் அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதும் கேட்கவில்லை, நெடுஞ்சாலைக் காற்று மாதிரியே ஆளைத் தனியாக்கிவிடுகிறது. படி ஏறி மேலே வந்தபோது என் முழங்கால்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இரவு தங்கிய இடத்தின் வாசலில் நான்கு வண்டிகளையும் வரிசையாக நிறுத்தினோம். சூடான தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தால் சற்று நேரம் கழித்து டிங் என்று ஒரு சத்தம் போடுமே, அதுபோல என்ஜின்கள் ஆறும்போதும் இரும்பு சுருங்கிச் சுருங்கிச் சத்தமிடும். குளிர் அதிகம் என்பதால் அன்றைக்கு அடிக்கடி. புல்லட்டின் கனத்த வார்ப்பிரும்புக்கு இடைவெளி விட்டு, தாழ்ந்த குரலில். ஆரெக்ஸின் அலுமினியத் தகடுகள் படபடவென்று தொடங்கி முதலில் ஓய்ந்துவிட்டன. சைலன்சர்கள் தனியாக. அண்ணன் பீடி பற்றவைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மற்ற நாளில் ஆளை ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்கச் சொன்னால் முடியாது.

ஞாயிறு காலையில் இறக்கம். ஏறும்போது உள்வட்டமாக இருந்ததெல்லாம் இப்போது வெளிவட்டம். இரண்டாவது கியரில் சுகமாக எடுத்த வலது வளைவுகள் இறங்குகிறவனுக்குச் செங்குத்தான இடது வளைவுகளாகத் திரும்பி நிற்கின்றன. நேற்று சலுகை காட்டிய வளைவு எதுவோ அதுதான் இன்றைக்குக் கணக்கைத் தீர்க்கிறது. தாளம் அதேதான், அடி மட்டும் இடம் மாறிவிட்டது. கால் இதைப் புரிந்துகொள்ள நாலைந்து வளைவு பிடிக்கும்.

இறங்கும்போது என்ஜின்தான் பிரேக். ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு இரண்டாவது கியரில் விட்டால், மூடிய வாய்க்குள் காற்றை இழுக்கப் பாடுபட்டே என்ஜின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். புல்லட்டின் சைலன்சருக்குள் அப்போது சின்னச் சின்னப் பொரிதல்கள். டூ ஸ்ட்ரோக்கில் இந்தப் பிடிமானம் மிகக் குறைவு. அதுமட்டுமில்லை, பெட்ரோலில் கலந்துதான் எண்ணெய் உள்ளே போகிறது, ஆக்ஸிலேட்டரை மூடியே வைத்தால் பெட்ரோலும் போகாது எண்ணெயும் போகாது, உலர்ந்த சிலிண்டரில் பிஸ்டன் ஓடும். அதனால் ஆரெக்ஸ் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே, மூச்சுக்கு ஒருதரம் ஆக்ஸிலேட்டரைத் துளி திருகித் திருகி என்ஜினுக்கு எண்ணெய் ஊட்டிக்கொண்டு இறங்க வேண்டும். நிறுத்துகிற கையே ஓடவும் விடவேண்டிய அந்த வித்தையை அவன் அலட்டாமல் செய்வான்.

"நீ முன்னால போ" என்று அண்ணன் அவனை முதலில் விட்டார். பிரேக் வலுக்குறைந்தவன் முன்னால் போனால், அவன் நிற்கிற இடத்தில் எல்லோரும் நிற்கலாம். ஆக, கீழே கேட்பவன் இப்போது முன்னால் போகிறவன்.

பாதி வழியில் காது அடைத்துக்கொண்டது. உயரம் குறைந்து காற்றின் அழுத்தம் கூடும்போது செவிப்பறை உள்ளே அழுந்துகிறது. என் பல்சரே பஞ்சு சுற்றி ஓடுகிற மாதிரி இருந்தது. கீழே ஆரெக்ஸ் இருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. எச்சிலை விழுங்கினேன், தாடையை அசைத்தேன். பட்டென்று திறந்தது. சரளை, மாப்ளையின் போல்ட், அவன் முதுகில் சாய்ந்து சரணம் சொல்லிக்கொண்டிருந்த சாமி, இரண்டு வளைவு கீழே ஆரெக்ஸின் துளித்துளித் திருகல், எல்லாம் ஒரே நேரத்தில், நேற்றைவிடக் கூர்மையாக. இந்த ஒரு நொடிக்காக மட்டுமே இந்த மலையை இறங்கலாம்.

குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. பிரேக் ஷூ தீய்ந்த வாசனை அதிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்தோம். இருபதாவது வளைவுக்குக் கீழே ஆரெக்ஸ் ஓரம் கட்டியிருந்தான். முன்பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடுகிற அளவுக்கு வந்துவிட்டதாம். டிரம்மின் மேல் உள்ளங்கையைத் தொடாமல் பிடித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான். சாமி தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"ஊத்தீராதீங்க சாமி, வெடிச்சுரும்" என்று அண்ணன் பாட்டிலை வாங்கித் தானே குடித்தார்.

தானாக ஆறட்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்தோம். ஒரு அன்னாசியை அறுத்து உப்பு மிளகாய்த்தூள் போட்டுத் தின்றோம். ஏறி வந்த இரண்டு இளைஞர்கள் புது வண்டியை நிறுத்தி, ஆர்.எக்ஸ். விற்பனைக்கா என்று கேட்டார்கள். டிரம்மில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே இல்லை என்றான்.

காரவள்ளியில் கண்ணாடியை இறக்கிவிட்டு நெடுஞ்சாலைக்குத் தயாராகும்போது சாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த வாட்டி முள்ளுக்குறிச்சி வழியா ஏறலாம்பா. அதுல வளைவு கம்மி."

"கம்மியா வேணும்னா நீ பஸ்ல வா" என்று சொல்லிவிட்டு அண்ணன் கிக்கரை உதைத்தார்.